ஆலாத்தித் தட்டும் மருமோன்ரை வித்தும்

உனக்கேன் உந்த விடுப்புக் கேள்வி? ஆம்பிளையின்ரை வித்துக்குள்ளை என்ன போகுது, என்ன போகேல்லை எண்டு கேக்க வெக்கமில்லையே? சரி, கேட்டுப்போட்டாய், சொல்லுறன். நடுவிலை சிரிச்சால் எழும்பிப் போயிடுவன்.

என்ரை மகள் கலியாணம் கட்டிக் கனகாலமா வயித்திலை ஒண்டும் தங்கேல்லை. மருமோன் புகையிலைச் சிப்பம் கட்டி விக்கிற யாவாரி. அவன்ரை தாய், அதுதான் என்ரை சம்பந்தி, மகளைக் கந்தசட்டி விரதம் பிடிக்க வச்சா, கோயில் மரத்திலை தொட்டில் கட்ட வச்சா. பட்டினி கிடந்தது முழுக்க என்ரை பிள்ளை. அவன் ஒரு நேரச் சோறும் விடேல்லை, கண்டியோ.

அதையும் பொறுத்தன். பேந்து சம்பந்தியின்ரை மகள்வழிப் பேத்தி பெரியபிள்ளையாகிச் சாமத்தியச் சடங்கு. மகள் ஆலாத்தித் தட்டிலை கை வைக்க, அந்த மனுசி பந்தலுக்கை எல்லாருக்கும் முன்னாலை தட்டைப் பறிச்சு, "பிள்ளை பெத்தவள் எடுக்கட்டும்" எண்டு வேறை ஒருத்தியிட்டைக் குடுத்தா. அது காணாதெண்டு, மகனுக்கு இன்னொரு பெட்டை பாக்கப் போறதாவும் குசினிக்கை இருந்து கதைச்சாவாம். என்ரை பிள்ளை சிரிச்சுக்கொண்டு ஒதுங்கி நிண்டாள். அந்தச் சிரிப்பை நினைச்சால் இப்பவும் எனக்குப் பத்தி எரியுது.

மகளைப் பாத்த டொக்டரம்மா மானிப்பாயிலை இருந்தவ. மகளிலை ஒரு குறையுமில்லை, மாப்பிள்ளையைக் கூட்டிவாங்கோ எண்டு எப்பவோ சொல்லிப்போட்டா. அவன் அசையேல்லை. நான் நெஞ்சைப் பொத்திக்கொண்டு, நோகுது தம்பி, ஒருக்கா டொக்டரிட்டை கொண்டுபோம் எண்டன். பாவம், சைக்கிள் கரியரிலை என்னை வச்சு மூச்சிரைக்க உழக்கினான். அங்கை போய் இறங்கினாப் பிறகு, நோவு எனக்கில்லை, இவருக்குத்தான் எண்டு சொல்லிப்போட்டுக் கதவோடை நிண்டன். எப்பிடி ஓடுவான்?

போத்தல் குடுத்து, அதிலை வித்து எடுப்பிச்சுச் சோதிச்சினம். அப்ப சண்டைக் காலம், கறண்ட் எங்கை? டொக்டரம்மா யன்னலடியிலை பூதக்கண்ணாடிப் பெட்டியை வச்சு, கீழையிருந்த கண்ணாடியாலை வெயிலைப் பிடிச்சுப் பாத்தா. நீந்த வேண்டியது நீந்தேல்லையாம். தலையெல்லாம் கோணல்மாணலாம்.

தலை எப்பிடிக் கோணும் எண்டு கேட்டன். ஒவ்வொரு வித்துக்குள்ளையும் ஒரு குட்டி அறை இருக்காம். தகப்பன்ரை சாயல், குணமெல்லாம் அங்கை நூல் மாதிரிக் கிடக்குமாம். வித்து முத்தேக்கை, அறைக்கு வெளியிலை உண்டாகிற புரதம் அந்த அறைக்குள்ளை போய், நூலை இறுக்கி அடுக்கிக் கட்டவேணுமாம், மருமோன் சிப்பம் கட்டிற மாதிரி. அறைச் சுவரிலை சின்னச் சின்ன வாசல். அந்தப் புரதத்திலை பாஸ் மாதிரி ஒரு அடையாளம் இருக்காம். அதைப் பாத்துத்தான் ஒரு காவுகாரன் தூக்கிக்கொண்டு உள்ளை போவானாம். பாஸ் இல்லாமல் நாங்களே ஒரு இடமும் போகேலாத காலம், எனக்கு உடனை விளங்கீட்டுது. உள்ளை போகேல்லையெண்டால் நூல் இறுகாது, தலையும் ஒழுங்கா வராது. இவரின்ரை வித்திலையும் அப்பிடித்தான் நடந்திருக்கோ எண்டு இந்தக் கண்ணாடியாலை சொல்லேலாதாம், அப்பிடியும் இருக்கலாமாம்.

புரதமெண்டால் பருப்பும் முட்டையும் அவிச்சுக் குடுக்கட்டோ எண்டு கேட்டன். டொக்டரம்மா சிரிச்சா. அது சாப்பாட்டாலை வந்த குறையில்லை அம்மா, உதுக்கு என்னட்டை மருந்துமில்லை எண்டா.

வெளியிலை வந்து மருமோன் சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு நிண்டான்.

"மாமி, அம்மாவுக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."

"நான் ஏன் சொல்லுறன் தம்பி? நீர் சொல்லும். சொல்லாட்டி, உம்மடை அம்மா எந்த வீட்டிலை பெட்டை பாக்கிறாவோ, அந்த வீட்டுப் படலை வாசலிலை நிண்டு நான் சொல்லுவன்."

என்னைத் திரும்பக் கரியரிலை ஏத்தி வீட்டை கொண்டுவந்து விட்டான். சிப்பம் கட்டத் தெரிஞ்சவனுக்கு, ஒருநாள் எழும்பி 'குறை என்னிலையும் இருக்கலாம்' எண்டு சொல்லத் தெரியேல்லையே, அவ்வளவு வருசமும்! அண்டு பின்னேரம் தாயைக் கூப்பிட்டு இருத்திச் சொன்னான். சம்பந்தி கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தா. பெட்டை பாக்கிற கதை அதோடை நிண்டுது. என்ரை பிள்ளையிட்டை வந்து ஒரு சொல்லு மன்னிப்புக் கேட்டாவோ? இல்லை. அந்த மனுசியோடை எனக்கு இண்டைக்கும் கதை இல்லை.

அடுத்தநாள் கிணத்தடியிலை அயலட்டைப் பெண்டுகள் சுத்தி நிண்டு, மகளுக்கு டொக்டர் என்ன சொன்னவ எண்டு கேட்டுதுகள். அவன் என்ன செய்தாலும் என்ரை பிள்ளையின்ரை மனுசன், அவனை விட்டுக்குடுப்பனோ?

"என்ரை பிள்ளையிலை ஒரு குறையுமில்லை" எண்டன். "மிச்சம் அறிய ஆசையெண்டால் அவரவர் மனுசனைக் கூட்டிக்கொண்டு மானிப்பாய்க்குப் போங்கோ. டொக்டரம்மாவிட்டை போத்தல் கனக்க இருக்கு."