ஆகாயம் இருக்க வேண்டிய இடத்தில்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அமெரிக்காவில் எடிசன் என்ற ஊரில் மளிகைக்கடை, மாவு மில், சொந்த வீடு மூன்றையும் கடன் கேட்டபோது பேங்க்காரன் கேலியாகச் சிரிக்கச் சிரிக்க எழுப்பினேன். 1980களில் மனைவியோடு ஹவாய் போய், ஹெலிகாப்டரில் எரிமலை பார்க்க ஏறினேன்.

எரிமலை வாயின் பள்ளத்துக்கு மேலே வெண்புகை எங்களை மூடிக்கொண்டது. ஓயாமல் பேசிய பைலட் சட்டென்று வாயடைத்துப் போனான். ஆட்டமே இல்லாமல் மிதப்பதுபோல் இருந்தது.

"ஏங்க, ஆகாசம் எந்தப் பக்கங்க?" என்றாள் மனைவி.

அவள் ஜன்னலில், ஆகாயம் தெரிய வேண்டிய உயரத்தில், நெருப்புக் குழம்பு சத்தமில்லாமல் கொதித்தது. நாங்கள் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தோம். பைலட்டின் தோளை உலுக்கிக் காட்டினேன். அவன் ஹெலிகாப்டரை நிமிர்த்தினான்.

கோயிலில் இன்றும், "முருகன்தான் காப்பாத்தினார். இவர் கைய ஆட்டினதே அவர்தான்" என்கிறாள்.

முருகனைச் சொல்லட்டும். உலுக்கியது என் கை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.