அப்பாவை உயிரோடு வரைந்தது

ஒரே ஆளைப் பல பாணிகளில் வரைந்து வர வேண்டும். சிரம்பானில் நான் ஓவியம் படித்த கல்லூரியில் அந்தப் பருவத்துக்குக் கொடுத்த வேலை அது. உட்கார ஆள் வேண்டுமே. அம்மாவுக்குத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. வீட்டில் இருந்தால் தூக்கம். அப்பாதான் அகப்பட்டார்.

அப்பா புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் வேலையை மேற்பார்வை பார்க்கும் மண்டோர். நாளெல்லாம் மோட்டார் சைக்கிளில் சுற்றி ஆள்களை விரட்டுகிறவரை நாற்காலியில் அசையாமல் உட்கார வைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஆனால் அவரே முன்வந்தார். பெண் பிள்ளைக்குப் படம் வரைகிற படிப்பு எதற்கு, நர்ஸுக்கு அனுப்பு என்று சொந்தக்காரர்கள் அவர் காதில் ஓதிக்கொண்டே இருந்தார்கள்.

"என்னைய வரை. ஹால்ல மாட்டுற மாதிரி வரை. வர்றவன் போறவன்லாம் பாக்கட்டும். மாட்ட முடியலன்னா அடுத்த செமஸ்டர் நர்சிங்தான், சொல்லிட்டேன்."

ஆக, என் படிப்பு ஹால் சுவர் ஆணியில் தொங்கியது.

முதலில் ரியலிசம், அதாவது உள்ளதை உள்ளபடி. கரிப்பென்சிலில் நரைத்த மீசை, திருநீறு, மூக்கோரத்து மரு வரை இழைத்து இழைத்து வரைந்தேன். "மருவ விட்டிருக்கலாம்" என்றார் அப்பா. அவர் வாயில் அது பாராட்டு.

லுக்குட்டில் ஒரு ஃபிரேம் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"அப்பாவாம்மா?"

"ஆமா அங்கிள்."

"கீழ தேதி போடணுமா?"

ஓவியத்துக்கு அடியில் தேதி போடுவது வழக்கம்தானே. "போடுங்க. இன்னைக்கித் தேதி" என்றேன்.

"இன்னைக்கேவா?"

"காலையிலதான் முடிஞ்சிச்சு."

"ரொம்பக் கஷ்டப்பட்டாராம்மா?"

"அவருக்கென்ன கஷ்டம், சும்மா உக்காந்திருந்தாரு. நான்தான் கஷ்டப்பட்டேன்."

அவர் கண் கலங்கிவிட்டது. கையிலிருந்த வேலையை ஒதுக்கிவிட்டு உடனே ஃபிரேம் போட்டார். சந்தன மாலை ஒன்றும் சின்னச் சிவப்பு பல்பு ஒன்றும் பையில் வைத்து, "நம்ம வகையில இருக்கட்டும்" என்றார். இந்த ஊரில் கலைக்கு இத்தனை மரியாதையா என்று நெகிழ்ந்துபோய் பஸ் ஏறினேன்.

அம்மா அப்போது வேலையில் இருந்தார். அப்பாவே ஆணி அடித்துப் படத்தை மாட்டினார். மாலையைப் போட்டார், பல்பை எரியவிட்டார். தன் முகத்தைப் பார்த்த மயக்கத்தில் அவருக்கும் எதுவும் உறைக்கவில்லை. "கோயில் மாதிரி இருக்குலா" என்று ரசித்துவிட்டுக் குளிக்கப் போனார். நான் பின்பக்கம் துணி காயப்போடப் போனேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் அப்பாவின் அக்கா சுவாவிலிருந்து வந்தார். கதவு திறந்திருந்தது. எதிரே மாலையோடும் இன்றைய தேதியோடும் தம்பி. அத்தை முதலில் கைப்பேசியில் படம் பிடித்துக் குடும்பக் குழுவுக்கு அனுப்பினார். அதற்கப்புறம்தான் மாரில் அடித்துக்கொண்டு, "ஐயோ, என் தம்பி போயிட்டானே!" என்று அலறினார்.

நான் ஓடிவருவதற்குள் அப்பா துண்டோடு வெளியே வந்துவிட்டார்.

"யாருக்கா போனது?"

அத்தை அப்படியே சோபாவில் சரிந்தார். மூச்சு வந்ததும் முதல் வேலையாக, "உசுரோட இருந்தா ஒரு வார்த்த சொல்ல மாட்டியாடா?" என்று திட்டினார்.

குழுவில் 'ஆழ்ந்த இரங்கல்' குவிந்துகொண்டிருந்தது. அப்பா ஈரத் துண்டோடு உட்கார்ந்து ஒன்றுவிடாமல் வாசித்தார். "பாரோய்ல இருக்கிற என் தம்பியப் பாரு, வெறும் பூ ஸ்டிக்கர் போட்டிருக்கான். ஒரு வரி எழுதினா விரல் தேஞ்சிருமா?" எல்லாவற்றையும் படித்து முடித்த பிறகுதான், 'இருக்கேன்' என்று பதில் போட்டார்.

எங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அம்மா வரும்வரைதான் அதெல்லாம். தொழிற்சாலை வேனில் கைப்பேசியைத் திறந்ததும் அவர் கண்ணில் பட்டது அத்தை அனுப்பிய படம். குழுவில் அதற்குக் கீழே அப்பா போட்ட பதில்வரை தள்ளி வாசிக்கக் கை ஓடவில்லையாம். ஒற்றைச் செருப்போடு ஓடிவந்தவர், அப்பாவைக் கண்டதும் அவர் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்துவிட்டு அழுதார். அப்படி ஒரு அழுகையை நான் பார்த்ததில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

படம் கீழே இறங்கியது. "கல்யாணப் படம், பட்டம் வாங்கின படம் மாட்டிக்குங்க. ஒத்த ஆளா, மொறச்சிப் பாத்துக்கிட்டு இருக்கிறதெல்லாம் போனவங்க படம். இனிமே இந்தச் செவுத்துல ஏறக்கூடாது" என்றார் அம்மா.

இப்போது படம் அப்பாவாகவும் இருக்க வேண்டும், செத்தவராகவும் இருக்கக்கூடாது. இதற்கு எந்தப் பாடப் புத்தகத்திலும் வழி சொல்லவில்லை.

இம்ப்ரெஷனிசத்தில் ஒளியும் வண்ணமுமாகத் திட்டுத் திட்டாகத் தீட்டினேன். "மழையில நனைஞ்ச கலண்டர்" என்றார் அம்மா. கியூபிசத்தில் ஒரே முகத்தைப் பல பக்கங்களிலிருந்தும் ஒன்றாகக் காட்டினேன். அடுத்த முறை வந்த அத்தை அதற்குக் குங்குமம் வைத்து, ஊதுபத்தியும் காட்டிவிட்டு, எந்தக் கோயிலில் வாங்கியது என்று கேட்டார். எக்ஸ்பிரெஷனிசத்தில் உணர்ச்சிதான் முக்கியம் என்று முகத்துக்குப் பச்சையும் கண்ணுக்குச் சிவப்பும் கொடுத்தேன். அப்பா வெகுநேரம் பார்த்தார்.

"என்னையப் பாத்தா உனக்கு இப்படித்தான் தோணுதா?" குரலில் உண்மையான வருத்தம். "நர்சிங்குக்கு விசாரிச்சிட்டேன். எடம் இருக்காம்."

மறுநாள் காலை வாசற்படியில் அழுத முகத்தோடு உட்கார்ந்திருந்தேன். அப்பா வழக்கம்போல மோட்டாரை உதைத்தார். "போயிட்டு வரேன்." எனக்குக் கோபம். மைப்பேனாவை எடுத்துப் போகிற முதுகைக் கிறுக்கினேன். காற்றில் உப்பிய சட்டை, இரண்டு பக்கமும் அகட்டிய முழங்கால், மாட்டாமல் பறக்கும் ஹெல்மெட் வார், கூடையில் தண்ணீர்ப் போத்தல், முன்னால் செம்பனை மரங்கள். முகமே இல்லை.

இரவு ஷிஃப்ட் முடிந்து அந்தக் காலையிலேயே வந்த அம்மா அதைக் கையில் எடுத்தார்.

"எத்தன தடவ சொல்றது, ஹெல்மெட் வார மாட்டுங்கன்னு? காதுலயே ஏறாது!"

என்னிடம் சொல்லவில்லை. படத்தைப் பார்த்துத் திட்டினார். செத்தவர் படத்தை யாரும் அப்படித் திட்டுவதில்லை.

மாலையில் அப்பா பார்த்தார். "மூஞ்சியே இல்லயேலா. எங்கயோ போறேன்ங்கிற மாதிரில்ல இருக்கு."

"வாயக் கழுவுங்க" என்றார் அம்மா. "போறேன் இல்ல, போயிட்டு வரேன்."

பழைய ஆணியில் அம்மாவே அதை மாட்டினார். நர்சிங் பேச்சு அன்றோடு நின்றது. படங்களை ஒப்படைக்கும் நாளன்று காலையில் அதைக் கழற்றப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சாயங்காலம் அப்பா வந்தப்புறம் எடுத்துக்க. அவரு ரோட்டுல இருக்கிறப்ப எடுக்காத."