பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு

பாகூரில் என்னோடு பெத்தாங்க் என்ற பிரெஞ்சுக் குண்டு விளையாட்டு ஆடியவர் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர். நரைத்த மீசை, காக்கி அரைக்கால்சட்டை. இரும்புக் குண்டைத் துண்டால் துடைக்காமல் வீசமாட்டார்.

அன்று ஆளுக்குப் பன்னிரண்டு பாயிண்ட். இன்னும் ஒன்று எடுப்பவருக்கு ஜெயம். பாதியில் எழுந்துபோவது அங்கே வழக்கமில்லை. கரையாம்புத்தூர் கடைசி பஸ்ஸை விட்டால் எனக்கு நடைதான்.

இலக்காகப் போடும் சின்ன மரக்குண்டுக்குக் கிட்ட நிற்கும் குண்டுக்கே பாயிண்ட். என் குண்டு அதை ஒட்டி நின்றது. அவர் தூக்கி வீசி, மரக்குண்டையே பக்கத்துக் கரும்புக் கொல்லைக்குள் அடித்தார். இருவர் கையிலும் குண்டு மிச்சமிருக்க மரக்குண்டு எல்லை தாண்டினால் அந்தச் சுற்று செல்லாது. மூன்றாவது தடவை இப்படி.

"இன்னா சார், ஜெயிக்கவும் மாட்டேன்றீங்க, வுடவும் மாட்டேன்றீங்க?"

"முடிஞ்சா நீ பூடுவ. அப்பால வூட்ல நான் யார் மூஞ்சியப் பாக்கறதுபா?"

ரோட்டில் பஸ் ஹார்ன் அடித்துப் போனது. எனக்கு ஏனோ கோபம் வரவில்லை. நின்று வீசுவதற்கான அடுத்த வட்டத்தை, அவர் குச்சியால் என் காலைச் சுற்றியே போட்டார்.