முட்டிக்கு ரெண்டு மார்க்

பெரியவளுக்கு ஹோட்டல் சலவைக்கூடத்தில் வேலை. ஈரம் முழுக்கக் காயாத படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைக்குள் விட்டு, வெளியே வருவதை மடித்து அடுக்க வேண்டும். கல்யாணமாகி இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து நின்றுகொண்டே செய்யும் இதே வேலைதான். கை பழகிவிட்டது, வலது முட்டி பழகவில்லை. படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்குவாள்.

அதே வீட்டு மாடியில் கொழுந்தனாரின் மனைவி, சின்னவள். குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கிறாள். அந்தப் படியில் அவள் இறங்குவது தடதடவென்று கேட்கும்.

பக்கத்து மருத்துவமனை முட்டிவலிக்குப் பயிற்சி கொடுத்துப் பார்க்கும் ஓர் ஆராய்ச்சிக்கு ஆள் தேடியது, அதுவும் நம்மவர்களைத்தான். இதுவரை ஆராய்ந்ததெல்லாம் நாற்காலியில் வளர்ந்த முட்டிகள். தரையில் சம்மணமிட்டு வளர்ந்தவற்றுக்கு அதே பயிற்சி சரிப்படுமா என்று யாரும் பார்த்ததில்லை. நம்மவர்களும் "நாம என்ன எலியா?" என்று ஒதுங்கியே இருந்தார்கள். பெரியவளுக்கு எலியாவதில் ஆட்சேபம் இல்லை, வலி நின்றால் போதும். துணைக்குச் சின்னவளைக் கூட்டிப்போனாள். "உங்களுக்கும் வலி இருக்கா? நீங்களும் வாங்களேன்" என்று அவளையும் உள்ளே கூப்பிட்டார்கள்.

துணைக்குப் போனவளைச் சேர்த்துக்கொண்டார்கள். பெரியவளுக்கு வலி போதாதாம்.

அதற்குப் பிறகு வாராவாரம் சின்னவளுக்காக மருத்துவமனை அனுப்பும் டாக்ஸி வாசலில் நிற்கும். பெரியவள் அதைத் தாண்டி நொண்டிக்கொண்டே பஸ்ஸுக்குப் போவாள். மருத்துவமனை நடைவழியில் சின்னவளின் சிரித்த படத்தைப் பெரிதாக மாட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"ஓடுறவளுக்குப் பயிற்சியாம், நொண்டுறவளுக்கு நடையாம்!"

"உன் வயித்தெரிச்சல்லயே அத்தனை துணியையும் தேய்ச்சிடலாம்டீ. ஹோட்டலுக்குக் கரண்ட் மிச்சம்" என்றார் கணவர்.

ஒரு நாள் சின்னவள் சமையலறைக்குள் துள்ளிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, ஒம்பதுல இருந்து ஆறுக்கு இறங்கிட்டேன்! எல்லாரும் கை தட்டினாங்க."

"மார்க் குறைஞ்சதுக்கா கை தட்டுவாங்க?"

"மார்க்கா? வலி அக்கா, வலி! பத்துக்கு எவ்வளவு வலின்னு கேட்பாங்களே. நீங்க எவ்வளவு சொன்னீங்க?"

பெரியவள் கரண்டியைக் கீழே வைத்தாள். ஆள் எடுத்த அன்று நர்ஸுக்காக ஃபோனில் தமிழ் பேசிய மொழிபெயர்ப்பாளர் "உங்க முட்டிக்குப் பத்துக்கு எத்தனை போடுவீங்க?" என்றுதான் கேட்டார். இந்த உதவாக்கரை முட்டிக்கு மார்க் ஒரு கேடா என்று இரண்டு போட்டிருந்தாள்.

சின்னவள் சிரித்த சிரிப்பில் அடுக்களையே அதிர்ந்தது. "நல்லவேளை, பூஜ்யம் போடாம விட்டீங்க!"

"சிரிக்காதடீ. நாளைக்கு உன்கூட நானும் வரேன்."

அந்த வாரத்தோடு ஆள் சேர்ப்பது முடிகிறது. ஆராய்ச்சி நர்ஸ் தயங்கினார். வேண்டாம் என்று திருப்பி அனுப்பியவர்கள் வலியைக் கூட்டிச் சொல்லிக்கொண்டு மறுபடி வருவது அவருக்குப் புதிதல்ல. பெரியவள் மேஜைமேல் இருந்த ஃபோனைப் பார்த்து நடந்ததைச் சொன்னாள். மறுமுனையில் அதே மொழிபெயர்ப்பாளரின் குரல்.

"அம்மா... நான் 'வலிக்கு'ன்னு சொல்லலையா?"

"முட்டிக்குன்னு சொன்னீங்க தம்பி. முட்டியை எனக்குப் பிடிக்காது."

அவர் அதையும் மொழிபெயர்த்திருக்க வேண்டும், நர்ஸ் உதட்டைக் கடித்துக்கொண்டார். பிறகு ஒரு தாழ்வான முக்காலியைக் காட்டி, உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொன்னார். உட்கார முடிந்தது. எழுந்திருக்கும்போது பாதியில் முட்டி பூட்டிக்கொண்டது. பெரியவளின் முகம் வெளுத்தது. சின்னவள் சிரிப்பை மறந்து கை நீட்டினாள். அந்தக் கையைப் பெரியவள் தட்டிவிட்டாள். நர்ஸ்தான் தாங்கி நிறுத்தினார்.

"இப்ப வலி, வலி மட்டும், பத்துக்கு எவ்வளவு அம்மா?" என்றது ஃபோன்.

சின்னவள் ஒன்பது. மூத்தவள் அதற்குக் கீழே எப்படிச் சொல்வது? பத்து என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"பத்துன்னா தாங்கவே முடியாததா, தம்பி?"

"ஆமாம்மா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுற அளவு வலி."

அவள் தினமும் அதே முட்டியோடு வேலைக்குப் போய்த் திரும்புகிறவள்.

"அப்போ எட்டு" என்றாள், மனசே இல்லாமல்.

நர்ஸ் எழுதிக்கொண்டு தலையசைத்தார். சேர்த்தாயிற்று, திங்கட்கிழமை முதல் பயிற்சி என்று ஃபோன் சொன்னது. சின்னவள் கை தட்டினாள்.

பெரியவள் ஃபோன் பக்கம் குனிந்தாள். "தம்பி, இன்னொண்ணு. எனக்கே எட்டுன்னா, மாடிப்படியில தடதடன்னு ஓடுற இவளுக்கு ஒம்பது எங்கிருந்து வந்துச்சு? அதையும் அந்த நர்ஸம்மாகிட்ட கேளுங்க."

"அக்கா!" என்றாள் சின்னவள்.

"நீங்க பேசுறதை எல்லாம் அப்படியே சொல்லியாகணும்மா, அதான் என் வேலை" என்றது ஃபோன். "சொல்லட்டுமா?"

"சொல்லுங்க" என்றாள் பெரியவள்.