முதல் கேன்

புது மெஷின் வந்த மறுநாளே நான் ஒரு பெண்ணைப் பலர் முன்னால் தலைகுனிய வைத்தேன். பால் சொசைட்டியில் எத்தனையோ வருஷம் டெஸ்டராக இருந்துவிட்டேன். ஆனாலும் புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

எங்கள் சொசைட்டி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்பு போகிற ரோட்டில் ஒரு சிற்றூரில் இருக்கிறது. அதுவரை லாக்டோமீட்டரைப் பாலில் மிதக்கவிட்டுத்தான் தரம் பார்த்தோம். பிறகு அனலைசர் மெஷின் வந்தது. சின்னக் கப்பில் பாலை வைத்தால் குழாய் வழியாக உறிஞ்சிக்கொண்டு, கொழுப்பு எவ்வளவு, கலந்த தண்ணீர் எவ்வளவு என்று ஒரு நிமிஷத்தில் காட்டிவிடும். எனக்கு அதில் அப்படி ஒரு பெருமை.

காலை ஐந்தரைக்கு ஷட்டரைத் திறந்தால் முதல் ஆளாகப் பேச்சியம்மாள் அக்கா கேனோடு நிற்பார். அவருக்கு இரண்டு மாடு. பாலை ஊற்றிவிட்டு ஆறு மணி வேனில் கூலி வேலைக்குப் போக வேண்டும். அன்று அவர் பாலை வைத்தேன். எட்டு சதவீதம் தண்ணீர் என்று காட்டியது.

"அக்கா, பால்ல தண்ணி இருக்கு."

"எங்க மாடுதான் தண்ணி குடிக்கும். நான் பால்ல ஊத்த மாட்டேன் டெஸ்டரம்மா. இன்னொருக்கா பாருங்களேன்."

பின்னால் இருபது பேர் நின்றார்கள். "மெஷின் பொய் சொல்லாதுக்கா" என்று கேனைத் திருப்பிக் கொடுத்தேன். வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

அடுத்த நாளும் முதல் ஆள் அவர்தான். மறுபடியும் தண்ணீர். செயலாளர் என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். எங்கள் பால் பால்கோவா போடுகிற கடைகளுக்குப் போவதால் இந்த விஷயத்தில் அவர் ரொம்பக் கண்டிப்பு.

"இந்தா பாருங்க, நாளைக்கும் இப்படிக் காட்டுச்சுன்னா ஒங்க பேரை எடுத்துருவேன். ஒங்க ஒருத்தரால எல்லாருக்கும் கெட்ட பேரு."

பேச்சியம்மாள் கேனை முந்தானையால் மறைத்துக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் ஷட்டரைத் திறந்தபோது அவர் வரிசையில் இல்லை. தள்ளி, சுவரோரமாக நின்றார்.

"ஏங்க்கா, வரலையா?"

"எல்லாரும் ஊத்தட்டும். நான் பொறவு வாரேன்."

அதனால் அன்று முதலில் வந்தது செயலாளர் வீட்டுப் பால். அவரே கொண்டு வந்திருந்தார். ஒன்பது சதவீதம் தண்ணீர்.

"மெஷின்ல ஏதோ கோளாறு. திரும்பப் போடுங்க" என்றார்.

திரும்பப் போட்டேன். அதே பால்தான். தண்ணீர் பூஜ்யம். அவர் நிம்மதியாக மூச்சுவிட்டார். என்னால் முடியவில்லை. அவர் ஒரு தரம் சொன்னதும் மறுபேச்சில்லாமல் திரும்பப் பார்த்தேன். பேச்சியம்மாள் அக்கா கேட்டபோது பார்க்கவில்லை.

மெஷினை மாட்டிய டெக்னீஷியனுக்கு உடனே போன் போட்டேன். தூக்கக் கலக்கத்தோடு பேசினார்.

"காலையில தண்ணி விட்டுக் கழுவிட்டுத்தான ஆரம்பிப்பீங்க மேடம்? அதுல கொஞ்சம் குழாய்க்குள்ள நிக்கும். மொத சாம்பிளைக் கீழ கொட்டிருங்கன்னு அன்னைக்கே சொன்னேனே."

சொல்லித்தான் இருந்தார். நான்தான் பட்டன்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாருக்கும் முந்தி எழுந்து வந்த பாவத்துக்குக் கழுவின தண்ணீரெல்லாம் அந்த அக்காவின் கணக்கில் போயிருக்கிறது.

அவரைக் கூப்பிட்டு அவர் பாலைப் பார்த்தேன். பூஜ்யம். மேஜையைவிட்டு வெளியே வந்தேன்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. அக்கா பால்ல ரெண்டு நாளும் தண்ணி கிடையாது. அது மெஷினைக் கழுவின தண்ணி. தப்பு என் மேலதான். மன்னிச்சுக்கோங்கக்கா."

செயலாளர் குரலைத் தாழ்த்தினார். "அதை ஏம்மா ஊரைக் கூட்டிச் சொல்லணும்?"

"ஊரு பாக்கத்தான சார் கேனைத் திருப்பிக் குடுத்தேன்?"

பேச்சியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்க வீட்டுக்காரரே நேத்து கேட்டுட்டாரு, நெசமாவே ஊத்துனியான்னு" என்றார். பிறகு, "சரி, சீக்கிரம் ஊத்துங்க. தேவதானத்துல நடவு. வேன் நிக்காது" என்று காலி கேனை வாங்கிக்கொண்டு ஓடினார்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். முதல் கப்பைக் கீழே கொட்டுங்கள். தண்ணீர் காட்டினால், பால் கொண்டு வந்தவர் கேட்கும் முன்பே இன்னொரு முறை பாருங்கள்.

அன்று மத்தியானம் வீட்டில் சோற்றைப் போட்டு மோர் ஊற்றி உட்கார்ந்தேன். நாங்கள் வேதக்காரர்கள். ஜெபம் பண்ணாமல் கை வைப்பதில்லை. கண்ணை மூடி வழக்கம்போல ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். வெயில் உச்சியில் நின்றது. இந்நேரம் அந்த அக்கா தேவதானத்தில் சேற்றில் குனிந்து நின்று நாற்று நட்டுக்கொண்டிருப்பார். மோருக்கான பாலை விடியும் முன் கறந்தவர். சோற்றுக்கான நெல்லுக்கு இப்போது வெயிலில் நிற்கிறார். இத்தனை வருஷ ஜெபத்தில் இப்படி ஒரு ஆளை நான் நினைத்ததே இல்லை.

பேச்சியம்மாள் என்று பெயரைச் சொல்லி நன்றி சொன்ன பிறகுதான் ஆமென் சொன்னேன்.