புழுக்களுக்கு ஒரு செடி

அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். ஜன்னல் இல்லாத அறையில் எட்டு மணி நேரம் பிறர் எலும்பைப் பார்த்துவிட்டு வருகிறவளுக்கு, கொல்லையில் வண்ணத்துப்பூச்சி பறந்தால் தேவலை என்று தோன்றியது. ஆனால் கொல்லை பொது. கீழே இவள் குடும்பம், மாடியில் கணவனின் அண்ணன் குடும்பம். தண்ணீர் மோட்டார் விஷயத்தில் வாய்த்தகராறு முற்றி, ஓரகத்திகள் இருவரும் நாலு மாதமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

சுவரோரச் சிமெண்டைப் பெயர்த்து வெட்சியும் செவ்வந்தியும் வைத்தாள். பூத்தன. பூச்சிகள் வந்தன, தேன் குடித்தன, போய்விட்டன.

“பூ இருந்தா விருந்தாளியா வந்துட்டுப் போகும்மா,” என்றார் நர்சரிக்காரர். “குடியிருக்கணும்னா அதோட குட்டிங்க தின்ன இலை வேணும். எலுமிச்சை மாதிரி.”

எலுமிச்சை ஏற்கெனவே இருந்தது. மாடி வீட்டு ஓரகத்தி, மூத்தவள், தொட்டியில் வைத்துப் பொத்திப் பொத்தி வளர்த்தது. அடுத்த மாதமே அதில் புழுக்கள். காக்கை எச்சம் போல் இலைகளில் ஒட்டிக்கொண்டு துளிரையெல்லாம் மொட்டையடித்தன.

மூத்தவள் மருந்து பாட்டிலோடு இறங்கி வந்தாள்.

“உன் பூவைப் பார்த்துத்தானே இதெல்லாம் வந்துச்சு? என் செடியைப் பாரு!”

“தப்பு என்னோடதுதான்க்கா. ஒரு நாள் டைம் குடுங்க. மருந்து மட்டும் வேணாம்.”

மறுநாள் பஸ்ஸில் மடியிலேயே வைத்து ஓர் எலுமிச்சைக் கன்றைக் கொண்டுவந்தாள். முள் கீறிய கையோடு, புழுக்களை இலையோடு கிள்ளிக் கிள்ளி அதற்கு மாற்றினாள். இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த மூத்தவளுக்குப் பொறுக்கவில்லை.

“இப்படிக் கிள்ளினா மிச்ச இலையும் போயிடும். தள்ளு.”

ஒரு குச்சியால் பதமாக எடுத்தாள். கொழுத்த புழு ஒன்று சிவப்புக் கொம்பை நீட்டி நாற்றமடித்தது.

“அய்யே! என்னையே முறைக்குது பாரேன்!”

இருவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பத்து நாளில் புதுக் கன்று வெறும் குச்சியானது. புழுக்கள் கூடு கட்டிக்கொண்டன. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கொல்லையிலிருந்து கத்தல்: “ஏய், சீக்கிரம் வா! ஒண்ணு வெளிய வந்துருச்சு!”

இவள் வாய் நிறைய பற்பசையோடு ஓடினாள். கசங்கிய ஈர இறக்கைகள் மெல்ல மெல்ல விரிந்தன. பூனை நெருங்காமல் மூத்தவள் விளக்குமாற்றோடு காவல் நின்றாள். கடைசியில் அது எழும்பிச் சுவரைத் தாண்டிப் பறந்தது.

“தின்ன தீனிக்கு அழகாத்தான் இருக்கு,” என்றாள் மூத்தவள். பிறகு, “கறிவேப்பிலையும் தின்னுமாமே? சாயங்காலம் நர்சரிப் பக்கம் போவோமா?”