அளவான சப்பாத்து

எங்கள் குடும்பத்தில் யாரும் அளவான சப்பாத்துப் போட்டு நடந்ததில்லை. எனக்கு வாங்கித் தந்ததும் அப்படித்தான், நான் என் மகளுக்கு வாங்கிக் கொடுத்ததும் அப்படித்தான். கால்விரல் நுனிக்கும் சப்பாத்தின் நுனிக்கும் நடுவில் ஒரு பெருவிரல் அளவு இடம் இருக்க வேண்டும். வளருகிற பிள்ளைக்கு இடம் வேண்டாமா? மகளுக்கு இருபத்தைந்து வயதாகி, வேலைக்கும் போகத் தொடங்கிய பிறகும், அவள் புதிதாக எதைக் காலில் போட்டாலும் என் பெருவிரல் தானாகக் குனிந்து போய் அதன் நுனியை அமுக்கிப் பார்க்கும்.

தொழிலும் அதற்குத் தோதாக அமைந்துவிட்டது. பிரான்சில், ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்கிற தெருவின் வடக்கு முனையில், ஒரு சேலைக்கடையின் பின்னறையில் இருந்து பிளவுஸ் தைக்கிறேன். நான் தைக்கிற எதிலும் உள்ளே இரண்டு விரல் அகலத்துக்குத் துணி மடிந்து கிடக்கும். கலியாணத்துக்குத் தைத்தவள் இரண்டு பிள்ளை பெற்று உடம்பு போட்டுக்கொண்டு வந்தாலும், தையலைப் பிரித்துவிட்டால் போதும், அதே பிளவுசைப் போட்டுக்கொண்டு அடுத்த கலியாணத்துக்குப் போகலாம். இந்தக் கைப்பழக்கத்துக்காகவே லா ஷப்பெல் பகுதி முழுவதும் என்னைத் தேடி வருவார்கள். வாய் கொஞ்சம் நீளம் என்று ஒரு குறையும் சொல்வார்கள். அதுவும் உண்மைதான்.

மகளுக்குப் பனிச்சறுக்குப் பைத்தியம் பிடித்தது பத்து வயதில். பள்ளிக்கூடத்தில் வகுப்போடு ஒரு கிழமை மலைக்குக் கூட்டிப்போனார்கள். மூக்குத் தோல் உரிந்து வந்து சேர்ந்தவள், பையை இறக்கி வைக்க முன்னமே மறுபடி எப்போது போகலாம் என்று கேட்டாள். அம்மை போட்டதுபோலப் பத்து நாளில் இறங்கிவிடும் என்று நினைத்தேன். இறங்கவில்லை. பல்கலைக்கழகத்தில் அதற்கென்று இருந்த கழகத்தில் சேர்ந்தாள், லீவு கிடைத்தால் மலையில் நின்றாள். எனக்குத் தெரிந்த பனியெல்லாம், ஓல்னே-சூ-புவாவில் எங்கள் வீட்டுக்கு முன்னால் இருக்கிற பஸ் தரிப்பிடத்தில் ஆட்களை வழுக்கி விழுத்துகிற பனிதான். அவள் என்ன செய்கிறாள் என்று ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. கைபேசியில் காட்டுவாள். வெள்ளைக்குள் ஒரு புள்ளி ஓடும். "நல்லாயிருக்குப் பிள்ளை" என்று சொல்லிவிட்டு ஊசியில் நூலைக் கோர்ப்பேன்.

பிறகு ஒருநாள், பனிச்சறுக்குப் பயிற்சியாளராகப் போகிறேன் என்றாள். அதற்கு முதற்படியாக ஒரு தேர்வு. நட்டு வைத்த கம்பங்களுக்கு நடுவில் வளைந்து வளைந்து, குறித்த நேரத்துக்குள் கீழே வந்து சேர வேண்டும். போன குளிர்காலம் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் தவறவிட்டாள். இந்தக் குளிர்காலமும் சரிவராவிட்டால் இந்தக் கனவை மூட்டை கட்டிவிட்டு அலுவலக நாற்காலியிலேயே இருந்துவிடுவேன் என்று சொன்னாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். முகத்தை மட்டும் என் பக்கம் திருப்பவில்லை.

தேர்வுக்கு ஆறு கிழமை இருக்கையில், ஒரு சனிக்கிழமை காலை, ஸ்கி என்கிற சறுக்குப் பலகை வாங்கக் கிளம்பினாள். நானும் வருகிறேன் என்று கடைக்கு லீவு சொல்லிவிட்டு ஒட்டிக்கொண்டேன். பழைய பனிச்சறுக்குச் சப்பாத்தையும் பையில் போட்டு எடுத்து வந்தாள். பழையது என்று சொல்லக்கூடாது, போன வருடம் பிறந்தநாளுக்கு நான் வாங்கிக் கொடுத்தது. அவளிடம் சொல்லாமல் புறநகரில் ஒரு பெரிய கடைக்குப் போய், அவள் வழக்கமாகப் போடுகிற சப்பாத்தைக் காட்டி, நன்றாக வெண்ணிறமாக மின்னியதைத் தேடி வாங்கியது. காலுக்குப் போடுகிறது என்பதால் சாமிப்படத்துக்கு முன்னால் வைக்கவில்லை, இல்லாவிட்டால் சந்தனப் பொட்டும் வைத்திருப்பேன்.

நாங்கள் போன கடை நிலத்துக்குக் கீழே இருந்தது. படியிறங்கியதும் சுவர் முழுவதும் ஸ்கிகள், ஆளுயரத்துக்கு நிமிர்ந்து நின்றன. கடைக்காரிக்கு என் வயது இருக்கும். கழுத்தில் கண்ணாடி தொங்கியது, முழங்காலில் மெத்தை கட்டியிருந்தாள். நாளெல்லாம் மண்டியிட்டு வேலை செய்கிறவள் என்று பார்த்ததுமே தெரிந்தது. அவள் மகளின் காலைப் பார்க்கவில்லை, முதலில் கேள்விகள் கேட்டாள். எப்படிப்பட்ட சரிவில் இறங்குவாய்? பனி மிருதுவாகவா, இறுகியா? திரும்பும்போது எந்தக் காலில் பயம்? மகள் பிரெஞ்சில் மளமளவென்று பதில் சொன்னாள். தேர்வு நடக்கிற சரிவு கண்ணாடிபோல இறுகியிருக்கும் என்றாள். இடப்பக்கம் திரும்பும்போது வலது குதிக்கால் பிந்தி வருகிறது என்றாள். பாதி எனக்கு விளங்கவில்லை. ஆனால் வீட்டில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் "ம்" என்கிற பிள்ளை இதுதானா என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

முதலில் ஸ்கி. மெரூன் நிறத்தில் தங்கக்கோடு ஓடிய ஒன்று எனக்குக் கூறைச்சேலைபோலத் தெரிந்தது. "இதை எடு பிள்ளை, வடிவாயிருக்கு" என்றேன். மகள் அதன் பக்கமே போகவில்லை. கறுப்பாக, ஒடுங்கலாக, ஒரு லட்சணமும் இல்லாத ஒன்றை எடுத்தாள். நுனியை ஒரு கையால் பிடித்து, நடுவில் உள்ளங்கையை ஊன்றி வளைத்துப் பார்த்தாள். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அதன் ஓரத்து இரும்பு விளிம்பை முழு நீளத்துக்கும் பார்த்தாள். துணியின் நேரை நான் பார்ப்பதும் அப்படித்தான், அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

"இது நடுவில் ஒடுங்கியது, ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குச் சட்டென்று மாறும்" என்றாள் கடைக்காரி, என்னையும் மதித்து. "ஆனால் விறைப்பானது. பழகத் தொடங்குகிறவர்களுக்கு நான் காட்டவே மாட்டேன். பிழை விட்டால் இது மன்னிக்காது."

"மன்னிக்காத சாமானை ஏன் வாங்க வேணும்?" என்று மகளிடம் தமிழில் கேட்டேன்.

"நான் பிழை விட்டால் எனக்கு உடனே தெரிய வேண்டும், அம்மா. மற்றது என் பிழையை மூடி மறைத்துவிடும்" என்று பிரெஞ்சில் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது.

பிறகு சப்பாத்து. ஸ்கியை விட இதுதான் முக்கியம், ஸ்கிக்குக் கட்டளை போவது இதன் வழியாகத்தான் என்று சொல்லிக்கொண்டே கடைக்காரி மண்டியிட்டாள். பாதத்தின் நீளம், அகலம், குதிக்காலின் பருமன், கெண்டைக்கால், எல்லாம் அளந்தாள். மகள் நிமிர்ந்து விறைத்து நின்றபோது, "மூச்சை விடு, நீ மூச்சுப் பிடித்தால் என் அளவு பிழைக்கும்" என்றாள். பின்னறையில் நாள் முழுவதும் நான் பெண்களிடம் சொல்கிற வார்த்தை அது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தொழில் தெரிந்த ஒருத்தியைத் தொழில் தெரிந்த இன்னொருத்தி பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்து, நான் வாங்கிக் கொடுத்த சப்பாத்தை எடுத்தாள். உள்ளே இருந்த மெத்தையை உருவிவிட்டு, வெறும் ஓட்டுக்குள் மகளின் காலை வைத்து விரல் நுனி முன்னால் முட்டும்வரை தள்ளச் சொன்னாள். குதிக்காலுக்குப் பின்னால் கையை விட்டாள். இரண்டு விரல் போனது, மூன்றாவதும் போனது. அப்படியே நிமிர்ந்து மகளைப் பார்த்தாள்.

"இதைப் போட்டுக்கொண்டா கம்பங்களுக்குள் இறங்கினாய்?"

மகள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"நீ காலைத் திருப்பியிருப்பாய், சப்பாத்து பிந்தித் திரும்பியிருக்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் நேரம் போயிருக்கும். யார் உனக்கு இந்த அளவை விற்றது?"

மகள் சுவரில் இருந்த ஸ்கிகளைப் பார்த்தாள். அவள் என்னைப் பார்க்காமல் இருக்கப் பாடுபடுகிறாள் என்று விளங்கியபோதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. குதிக்கால் பிந்தி வருகிறது என்று சற்று முன்னால் சொன்னாளே. போன குளிர்காலம் அந்த ஒரு நொடியைத் தின்றது நான். அதோடு கேட்டு வாங்கிக் கொடுத்த தடித்த சொக்ஸ் இரண்டு சோடியும் நினைவுக்கு வந்தது. பெரிதாக இருந்தால் இரண்டையும் சேர்த்துப் போடு பிள்ளை என்று புத்தியும் சொல்லியிருந்தேன்.

"நான்தான்" என்றேன், என் உடைந்த பிரெஞ்சில். "நான்தான் வாங்கினேன். பெரிதாகக் கேட்டு வாங்கினேன்."

மகள் குனிந்து காலை வெளியே எடுத்தாள்.

"ஏன்டி சொல்லேல்லை?" என்று கேட்டேன். "ஒரு வருசமா ஏன் வாயைத் திறக்கேல்லை?"

"நீங்கள் அதைத் தரேக்கை உங்கட முகத்தைப் பாத்தன் அம்மா" என்றாள், இந்த முறை தமிழில். "தேர்வு முடிஞ்ச பிறகு சொல்லி என்ன? அழுதிருப்பியள்."

அழத்தான் செய்தேன், அங்கேயே, அத்தனை ஸ்கிகளுக்கும் முன்னால். கடைக்காரி ஒரு பெட்டியைத் திறந்து, எதுவும் நடக்காததுபோலப் புதுச் சப்பாத்து ஒன்றை எடுத்து வைத்தாள்.

அதன் வெறும் ஓட்டுக்குள் குதிக்காலுக்குப் பின்னால் ஒரு விரல்தான் போனது. மெல்லிய சொக்ஸ் ஒன்றே ஒன்று. மகள் பல்லைக் கடித்துக்கொண்டு காலை உள்ளே இறக்கினாள். கொக்கிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. நேராக நிற்கையில் விரல் நுனி முட்டியது, முழங்காலை முன்னால் மடித்ததும் மயிரிழை விலகியது. அந்த மயிரிழைதான் சரியான அளவாம். என் பெருவிரல் பழக்கத்தில் முன்னால் போனது. அமுக்கிப் பார்க்க அங்கே ஒன்றும் இல்லை, கல்லுப்போன்ற ஓடு.

"நோகேல்லையே?"

"நோகுது. நல்லா நோகுது" என்றாள். முகம் விளக்குப் போட்டதுபோல இருந்தது. இடமும் வலமுமாக முழங்காலைச் சாய்த்தாள். சப்பாத்தும் கூடவே சாய்ந்தது, ஒரு கணமும் பிந்தவில்லை. கணுக்கால் எலும்பு அழுத்துகிற இடத்தில் மட்டும் கடைக்காரி ஓட்டைச் சூடாக்கி, ஒரு நெல்மணி அளவுக்கு வெளியே தள்ளிவிட்டாள். அவ்வளவுதான் அவள் விட்ட இடம். நான் இத்தனை வருடமாக அள்ளி அள்ளி விட்ட இடத்தை நினைத்துப் பார்த்தேன். வெட்கமாகவும் இருந்தது, அந்தக் கடைக்காரியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது.

தேர்வுக்கு நானும் போனேன். மலையடிவாரத்தில் கயிறு கட்டிய இடத்துக்குப் பின்னால், இரண்டு குளிர்ச்சட்டையும் மேலே கணவரின் கோட்டும் போட்டுக்கொண்டு நின்றேன். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலித்தது. இந்தச் சுவரிலா இறங்கப் போகிறார்கள்? ஒரு மனிதக் குஞ்சும் கால் வைக்க முடியாத இடமாக எனக்குத் தெரிந்தது. எல்லோருக்கும் தலைக்கவசம், எல்லோருக்கும் கண்ணை மூடிய கண்ணாடி, நெஞ்சில் ஒரு இலக்கம். மகளின் இலக்கத்தை மனப்பாடம் செய்திருந்தேன். ஆனால் அவர்கள் வருகிற வேகத்தில் இலக்கமாவது மண்ணாவது. இரண்டு பேர் வந்தார்கள், ஒருவர் விழுந்தார். நான் ஒவ்வொருவருக்கும் முருகனைக் கூப்பிட்டேன், எதற்கும் இருக்கட்டும் என்று.

பிறகு ஒருத்தி வந்தாள். முதலில் சத்தம்தான் வந்தது, நல்ல துணியைக் கத்தரி ஒரே இழுப்பில் வெட்டுகிற சத்தம். உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து, பனியைத் தொட்டுவிடும்போல விழுந்து, விழாமல் மறுபக்கம் எழுந்தது. கம்பங்கள் அவளுக்கு வழிவிட்டு விலகுவதுபோல இருந்தது. பயம் என்பதே அந்த உடம்பில் இல்லை. நான் கூப்பிட்டுக்கொண்டிருந்த முருகனை மறந்து போனேன். "எந்தத் தாய் பெத்த பிள்ளையோ!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

அவள் முடிவுக்கோட்டைத் தாண்டிப் பனியை வாரி இறைத்துக்கொண்டு நின்றாள். ஒலிபெருக்கியில் ஒரு பெயரை அடித்து நொறுக்கி வாசித்தார்கள். எவ்வளவு நொறுக்கினாலும் என் மாமனாரின் பெயர் எனக்குத் தெரியாதா? பிரான்சில் எங்கள் எல்லோருக்கும் அதுதான் குடும்பப் பெயர். பின்னால் நேரத்தை வாசித்தார்கள், அதற்குப் பின்னால், தேறிவிட்டாள் என்றார்கள். அவள் தலைக்கவசத்தைக் கழற்றியபோது என் பிள்ளையின் முகம் வெளியே வந்தது.

கூப்பிட நினைத்தேன். இவ்வளவு நீளமான வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. பக்கத்தில் நின்ற பிரெஞ்சுப் பெண் என் கண்ணீரைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு அவரைத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"இப்போதுதான்" என்றேன்.